பரிமளகிரிப் புராணம்: ஒரு கோட்டை நாறிய வரலாறு

பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் எந்த மன்னரை எடுத்தாலும் குளம் வெட்டுவார், சாலை போடுவார், சாலையின் இருமருங்கிலும் மரம் நடுவார். மன்னர் பெயரை மட்டும் மாற்றி இந்த மூன்றையும் எழுதியே நான் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன். ஆனால் அந்த அரண்மனைகளில் தினமும் ஆயிரம் பேர் தின்று போட்ட எலும்பை யார் அள்ளினார்கள், எங்கே கொட்டினார்கள் என்று புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. மரங்களை ஏன் அத்தனை வரிசையாக நட்டார்கள் என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது.

சந்தேகத்துக்குக் காரணம், நானும் ஒரு கோட்டையை ஏழு வருடம் ஆண்டு முடித்திருக்கிறேன். இடம்: 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்ற கணினி விளையாட்டு. அமெரிக்காவைச் சேர்ந்த டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2002இல் தொடங்கி, 2006 ஆகஸ்டில் முதல் பதிப்பை வெளியிட்டு, அதன்பிறகும் முடிக்காமல் கட்டிக்கொண்டே போன விளையாட்டு இது. பல வருடங்களுக்கு இதில் படமே கிடையாது. திரை முழுக்க எழுத்தும் குறியும்தான். ஆங்கிலச் சின்ன 'சி' நகர்ந்தால் பூனை, சின்ன 'டி' நகர்ந்தால் நாய். அந்த எழுத்துக் குவியலைத்தான் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 2022 டிசம்பரில் காசு கொடுத்து வாங்கும் பதிப்பு வந்தபோதுதான் பூனை பூனையாகத் தெரிந்தது.

இதில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. எப்படித் தோற்கிறோம் என்பதுதான் ஆட்டம். தோற்பதே ஜாலி என்பது இதை ஆடுபவர்களின் தாரக மந்திரம். நான் தோற்றது குப்பையால்.

கோட்டைக்கு விளையாட்டே குலுக்கிப்போட்டு ஒரு பெயர் கொடுத்தது. வாயில் நுழையவில்லை. அரண்மனைப் புலவன் என்ற உரிமையில் அதைப் 'பரிமளகிரி' என்று மாற்றிக்கொண்டேன். மூலப் பெயரில் எந்த மணமும் இல்லை.

முதலாம் ஆண்டு: கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புகை

ஏழு சித்திரக்குள்ளர்கள் ஒரு மரவண்டியோடு மலையடிவாரத்தில் வந்து இறங்கினார்கள். உரிஸ்ட், லிகோட், கோகன் முதலான எழுவர். வண்டியில் கோடரி, விதை, அவற்றைவிட முக்கியமாகச் சாராயப் பீப்பாய்கள். இந்தக் குள்ளர்களுக்குச் சாராயம்தான் தண்ணீர். அது தீர்ந்துவிட்டால் நடை தளரும், வேலை படுக்கும். மதுவிலக்கு என்று மூச்சுவிட்டால் அன்றைக்கே ஆட்சி கவிழும்.

மலையைக் குடைந்து ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டினேன். ஒட்டினாற்போல் கறிக்கடை. வெட்டுகிற இடத்துக்கும் தின்கிற இடத்துக்கும் தூரம் குறைந்தால் கூலி மிச்சம் என்பது என் நிர்வாக மூளை. வண்டியிழுத்து வந்த மிருகங்களையே முதல் விருந்துக்கு அறுத்தோம். கறியைக் கிடங்குக்குத் தூக்க ஆளில்லை, தோலைப் பதனிடவும் ஆளில்லை. ஏழு பேரையும் தூண் செதுக்க அனுப்பியிருந்தேன். எந்தச் சாம்ராஜ்யத்திலும் தூணுக்குத்தான் முதல் ஒதுக்கீடு.

மூன்றாம் நாள் கறிக்கடையிலிருந்து திரையில் ஏதோ கிளம்பி, கூடத்துக்குள் மெல்லப் பரவியது. குள்ளர்களின் மனக்குறிப்பைத் திறந்தால் எல்லோர் கணக்கிலும் ஒரே புகார்: அழுகல் நாற்றம். பின்னால் நின்று பார்த்த என் மனைவி கேட்டாள்.

"என்னங்க அது, கத்திரிப்பூ கலர்ல புகை?"

"மியாஸ்மா. பூமிக்கடியில எது அழுகினாலும் இது வரும்."

"சாப்பிடுற எடத்துக்குப் பக்கத்துலயே கறிக்கடைய வெச்சா நாறாம? நடுவுல ஒரு கதவ வைங்க."

கதவு வைத்தேன். நாற்றம் கதவோடு நின்றது. இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு வாரம் படித்திருந்தேன். அவள் இன்றுவரை இந்த விளையாட்டை ஆடியதில்லை.

இந்த மியாஸ்மா நோயெல்லாம் தராது. மனதை மட்டும் கெடுக்கும். நிஜ வரலாறு தலைகீழ். கெட்ட காற்றுதான் நோய் தருகிறது என்று ஐரோப்பா பல நூற்றாண்டு உறுதியாக நம்பியது. 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். காலரா காற்றில் வரவில்லை, தண்ணீரில் வருகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் 1854இல் லண்டன் பிராட் தெருவில் ஒரு குழாயடியையே சுட்டிக்காட்டினார். கைப்பிடியைக் கழற்றினார்கள். கருத்தை மட்டும் ஏற்கவில்லை.

1858 கோடையில் தேம்ஸ் நதி காய்ந்து, ஊர்க்கழிவு மொத்தமும் நாடாளுமன்றச் சன்னலுக்குக் கீழே வெந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் முக்கித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டே பணம் ஒதுக்கினார்கள். ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் நகரத்துக்கு அடியில் பெருஞ்சாக்கடைகள் கட்டினார். நாற்றத்தை விரட்டக் கட்டியது காலராவையும் விரட்டியது. கணக்கு தப்பு, விடை சரி. மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது அசையாத அரசு, உறுப்பினர்கள் மூக்குக்கு எட்டியதும் அசைந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பரிமளகிரியிலும் அதுவே நடைமுறை.

இடைச்செருகல்: இல்லாத கழிவறை

பரிமளகிரியில் பிற்பாடு எண்பது பேர் குடியிருந்தார்கள். எண்பது பேரும் காலை முதல் இரவு வரை சாராயம் குடித்தார்கள். கட்டிலுண்டு, சிம்மாசனமுண்டு, சிலையுண்டு, சவப்பெட்டியும் உண்டு. கழிவறை மட்டும் இல்லை; தேவையுமில்லை. பல்லையும் நரம்பையும் விரல் விரலாகக் கணக்கு வைக்கும் இந்த விளையாட்டு, அந்த ஒரு கணக்கை மட்டும் திறக்கவே இல்லை.

அது எவ்வளவு பெரிய சலுகை என்பது நிஜக் கோட்டைக்காரர்களுக்குத்தான் தெரியும். 1184 ஜூலை 26. ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரம். மைன்ஸ் பேராயருக்கும் துரிங்கியா பிரபுவுக்கும் வாய்க்கா வரப்புத் தகராறு. பஞ்சாயத்துக்கு வந்தவர் பதினெட்டு வயது இளம் மன்னர் ஆறாம் ஹென்ரி. மாடிக்கூடத்தில் நாட்டின் பெரிய மனிதர்கள் எல்லாம் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாகக் கூடினார்கள். உத்தரம் முறிந்தது. கூட்டம் கீழ்த்தளத்தில் விழுந்தது. கீழ்த்தளமும் தாங்கவில்லை. அதற்கும் கீழே இருந்தது மலக்குழி. ஏறத்தாழ அறுபது பேர் செத்தார்கள், பலர் மூழ்கியே. மன்னரும் பேராயரும் மட்டும் கல்லாலான சன்னல் மாடத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்ததால் பிழைத்தார்கள். பரம்பரை பரம்பரையாகப் போர்க்களத்தில் சாவதற்குப் பயிற்சி எடுத்த வம்சங்கள், கடைசியில் முங்கியது எதில் பாருங்கள்.

இருபது வருடம் கழித்து இன்னொன்று. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் பிரான்சின் சேன் நதிக்கரைப் பாறை மேல் 1196இல் தொடங்கி இரண்டே வருடத்தில் கட்டி எழுப்பிய கோட்டை ஷாட்டோ கையார். அகழி, அடுக்கு மதில், கொத்தளம், எதிலும் குறையில்லை. 1204இல் அதைப் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் பிடித்தார். அவருடைய வீரர்கள் உள்ளே நுழைந்தது கழிவறைக் குழாய் வழியாக என்று ஒரு கதை. தேவாலயச் சன்னல் வழியாக என்று இன்னொரு கதை. சன்னல் கதையைப் பரப்பியவர்கள் அந்த வீரர்களாகத்தான் இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிப்போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லியாக வேண்டுமே.

இரண்டாம் ஆண்டு: பூனைகளின் படையெடுப்பு

கிடங்கில் எலி. எலிக்குப் பூனை கொண்டுவந்தேன். பூனை எலியைக் கொன்று நடைபாதையில் போட்டது. செத்த எலி அழுகிக் கத்திரிப்பூப் புகை விட்டது. எலியை அள்ள ஓர் ஆள் போட்டேன். அவனுக்குச் சாப்பாடு வேண்டுமே என்று கிடங்கைப் பெரிதாக்கினேன். கிடங்கு பெரிதானதும் எலி கூடியது. கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலூட்டப் பசு வாங்கி, கடைசியில் சம்சாரியாகிப்போன சாமியார் கதையை நம் முன்னோர்கள் சும்மா சொல்லவில்லை. அந்தச் சாமியார் ஒரு கோட்டையை ஆண்டவராக இருக்க வேண்டும்.

இந்த உலகத்தில் குள்ளன் பூனையை வளர்ப்பதில்லை; பூனைதான் தனக்கு ஒரு குள்ளனைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுத்துவிட்டால் அதை அறுக்க முடியாது. அது செத்தால் முதலாளி மனமுடைவான். இதற்கிடையில் அவை குட்டிபோடும். வருடக் கடைசியில் கணக்கெடுத்தபோது பரிமளகிரியில் குடிமக்களைவிடப் பூனைகள் அதிகம். தேர்தல் வைத்திருந்தால் தோற்றிருப்பேன்.

பூனை விஷயத்தில் இந்த விளையாட்டின் சொந்த வரலாற்றிலேயே ஒரு பொற்கால நாற்றம் உண்டு. 2015 டிசம்பரில் சாராயக்கடைகளைச் சேர்த்துப் புதிய பதிப்பு வந்தது. உடனே ஊர் ஊராகப் பூனைகள் வாந்தியெடுத்துச் செத்தன. துப்பறிந்ததில் வெளிவந்த உண்மை இது: கடையில் குள்ளர்கள் சாராயத்தைச் சிந்துகிறார்கள், பூனை அதில் நடக்கிறது, பிறகு பூனை தர்மப்படி பாதத்தை நக்குகிறது. நிரலோ ஒவ்வொரு நக்கலுக்கும் ஒரு முழுக் குவளைக் கணக்கு எழுதிவிட்டது. அந்தச் சின்ன உடம்பு எத்தனை குவளை தாங்கும்? குடிக்காமலே குடித்துச் செத்த ஒரே இனம் அதுதான்.

மூன்றாம் ஆண்டு: குப்பைமேடு ஊருக்கு வெளியே

திறந்த வானத்தின் கீழ் எது அழுகினாலும் மியாஸ்மா கிளம்பாது. இதைக் கண்டுகொண்ட நாளைப் பரிமளகிரியின் பொற்காலத் தொடக்கம் என்று நானே அறிவித்தேன். கோட்டை வாசலுக்கு வெளியே புல்வெளியில் குப்பைமேடு. நம் நகராட்சி பாணியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்தேன். எலும்பு, ஓடு, மண்டையோடு தனி, அழுகல் தனி. எலும்பில் அம்பு செய்யலாம், மண்டையோட்டில் பொம்மை செய்து வியாபாரிக்கு விற்கலாம். கல் மட்டும் எந்த வகையிலும் சேரவில்லை. சுரங்கம் வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது. மக்காத குப்பைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மலையே ஒரு மக்காத குப்பை.

ஒன்றை மறந்துவிட்டேன். வருடக்கணக்கில் வெளிச்சமே பார்க்காத குள்ளனுக்குச் சூரியனைக் கண்டால் குமட்டும். கோகன் ஓர் அழுகிய ஆட்டுத்தலையைத் தூக்கிக்கொண்டு முதன்முதலாக வாசலைத் தாண்டினான். நின்றான். வாந்தியெடுத்தான். ஆட்டுத்தலையைப் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சாராயம் குடித்தான். அடுத்தவன் வந்தான், அவனும் வாந்தியெடுத்தான். சீக்கிரமே வாசலிலிருந்து குப்பைமேடுவரை பச்சையாக ஒரு ராஜபாட்டை அமைந்தது. சாலை போட்ட மன்னர் பட்டியலில் அன்றுதான் நானும் சேர்ந்தேன்.

நான்காம் ஆண்டு: ஒற்றைச் சாக்ஸின் எழுச்சி

துணி நைந்துபோகும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சாக்ஸ் பழசானால் அதன் பெயருக்கு இருபக்கமும் சின்ன 'எக்ஸ்' குறி விழும். இன்னும் நைந்தால் பெரிய 'எக்ஸ்'. அதற்குமேல் இரட்டை 'எக்ஸ்'. அதன்பின் சாக்ஸ் முக்தி அடையும். அதுவரை குள்ளன் அதைக் கழற்றி அறைத்தரையில் போடுவான். ஆனால் சொந்தம் கொண்டாடுவதை விடமாட்டான். அவன் பேரில் இருக்கும்வரை அதை வேறு யாரும் அள்ளவும் மாட்டார்கள். எண்பது பேர், ஆளுக்கு இரண்டு கால். கோட்டையில் எங்கே பார்த்தாலும் கந்தல் சாக்ஸ்.

இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. திரையில் கிடக்கும் ஒவ்வொரு பொருளையும் கணினி கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. பொருள் பெருகப் பெருக ஆட்டம் மெதுவாகும். பல கோட்டைகள் எதிரியால் அழியாமல், கணினி மூச்சுத்திணறி நின்றதால் கைவிடப்பட்டிருக்கின்றன. மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது என் சாம்ராஜ்யம். லிகோட் கட்டிலிலிருந்து கதவுக்கு வருவதற்குள் நான் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

இலையுதிர் காலத்தில் தாயகத்து வணிகர்கள் வந்தார்கள். பொறுக்க முடிந்த கந்தல்களையெல்லாம் அவர்கள் தலையில் கட்டினேன். அவர்களும் முகம் சுளிக்காமல் விலை கொடுத்து வாங்கினார்கள்! எல்ஃப் என்ற வேற்றினத்து வணிகர்களிடம் மரச்சாமான் ஒன்றை நீட்டினால் மரத்தைக் கொன்ற பாவி என்று கோபித்துக்கொண்டு போவார்கள். கிழிந்த சாக்ஸை நீட்டினால் பேசாமல் எடுத்துக்கொள்வார்கள். தன் குப்பையை அடுத்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்து அதை வர்த்தகம் என்று அழைக்கும் கலையை அன்று கற்றேன். நிஜ உலகத்தில் இதற்குப் பெரிய பெரிய துறைமுகங்களே உண்டு.

ஐந்தாம் ஆண்டு: பாலம் விழுந்தால் பாவம் தீரும்

ஏற்றுமதி போதவில்லை. அப்போதுதான் இந்த விளையாட்டின் ரகசிய ஆயுதம் தெரியவந்தது. தூக்குப்பாலத்தைத் தூக்கி, அடியில் குப்பையைக் குவித்து, விசையை இழுத்துப் பாலத்தை இறக்கினால் கீழே உள்ளது நசுங்காது, இல்லாமலே போகும். தூள் இல்லை, புகை இல்லை, சாம்பல் இல்லை. ஆடுபவர்கள் இதற்கு வைத்த பெயர் அணு நொறுக்கி. பொருள் அழியாது, உருமாறும் என்று எட்டாம் வகுப்பில் படித்ததெல்லாம் இந்தப் பாலத்துக்கு அடியில் செல்லாது.

என்னவொரு நிம்மதி! கல், கந்தல், எலும்பு, எலி, யாரும் உரிமை கோராத மண்டையோடு, எல்லாம் அடியில். விசையை இழு. தூய்மையான பரிமளகிரி. ஆட்டம் மறுபடி குதிரை வேகத்தில் ஓடியது. கணினி மூச்சுவிடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

ஒருநாள் விசையை இழுக்கும்போது லிகோட் கடைசிக் கூடையைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

பிணம் இல்லை. பிணம் இல்லாததால் அடக்கம் இல்லை. அடக்கம் செய்யாத குள்ளன் இந்த உலகத்தில் ஆவியாக வருவான். லிகோட்டும் வந்தான். சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொருவர் பின்னாலும் நின்றான். குடிமக்கள் வெலவெலத்துப்போனார்கள். கடைசியில் கல்பலகை ஒன்றில் அவன் பெயரைப் பொறித்து நட்ட பிறகுதான் போனான். நம் ஊர் நடுகல்லின் பயன் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பாலத்துக்கு அடியில் குப்பை அழியும். அள்ளியவனுக்குக் கணக்குத் தீர்க்காமல் முடியாது.

இங்கிலாந்தில் டியூடர் மன்னர்கள் காலத்தில் மலக்குழி அள்ளுபவர்களை இரவில் மட்டும்தான் வேலை செய்ய விட்டார்கள். பகலில் ஊர் மூக்குக்கு ஆகாது என்று காரணம். எட்டாம் ஹென்ரிக்கு ஆறு மனைவிகள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அவருடைய அரண்மனைக் குழிக்குள் இறங்கியவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால் வகுப்பே முழிக்கும். அவர்களுக்கும் ஆளுக்கொரு கல் நட்டிருக்க வேண்டும்.

ஏழாம் ஆண்டு: வீழ்ச்சி

ஆறாம் ஆண்டு முழுக்கச் சிலை வைத்தேன். வரலாற்றாசிரியர்கள் இதைக் கலைகளின் காலம் என்பார்கள்.

ஏழாம் ஆண்டு வசந்தத்தில் காப்ளின் என்ற எதிரி இனத்தின் படை வந்தது. பொறிகளில் பாதி செத்தது, மீதி ஓடியது. வெற்றி! வாசலுக்கு வெளியே எதிரிகளின் கவசமும் துணியும் சிதறிக் கிடந்தன. காப்ளினும் குள்ளனும் ஏறத்தாழ ஒரே அளவு உடம்பு. கவசத்தை உருக்கினால் இரும்பு. துணியை அப்படியே மாட்டிக்கொள்ளலாம். வெளியே கிடப்பதையெல்லாம் அள்ளலாம் என்று உத்தரவு போட்டேன். ஒரு மன்னன் தன் கையாலேயே எழுதிக்கொண்ட மரண சாசனம் அது.

ஓடிய படை காட்டோரத்தில் நின்று, கூட்டாளிகளோடு திரும்பியது. விசையை இழுத்தால் வாசல் பாலம் உயரும், கோட்டை மூடிக்கொள்ளும். பதினோரு பேர் வெளியே இருந்தார்கள். பத்துப் பேர் ஓடிவந்துவிட்டார்கள். பாக்கி உரிஸ்ட்.

கோட்டையை நிறுவிய எழுவரில் ஒருவன், ஒப்பற்ற கல்தச்சன், என் செல்லம். அவன் படையை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவன் வேலைக்குறிப்பைப் பார்த்தேன். புல்வெளியின் கோடியில், காப்ளின் ஒருவன் விட்டுப்போன சாக்ஸ் ஒன்றை எடுக்கப் போகிறான். ஒற்றைச் சாக்ஸ்.

"அவன விட்டுட்டுக் கதவ மூடுங்க," என்றாள் மனைவி.

"உரிஸ்ட்டையா? அவன் இல்லாம கோட்டையே இல்ல."

"இப்ப மட்டும் இருக்கப்போவுதாக்கும்."

நான் காத்திருந்தேன். உரிஸ்ட் சாக்ஸை எடுத்தான். திரும்பினான். பொறுமையாக, குப்பைமேட்டைச் சுற்றி, பச்சை ராஜபாட்டையில் நின்று சாஸ்திரப்படி ஒரு வாந்தி எடுத்தான். பின்னால் முப்பது காப்ளின்கள். எல்லோருமாகச் சேர்ந்து வாசலுக்குள் நுழைந்தார்கள்.

அதற்குமேல் விவரிக்க ஒன்றுமில்லை. தப்பியவர்கள் நண்பனும் பூனையும் செத்த துக்கத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். அள்ள ஆளில்லாத பிணங்கள் கூடத்தில் கிடந்தன. கதவுகளை உடைத்துவிட்டார்கள். கறிக்கடையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சிம்மாசன அறைக்கு, அங்கிருந்து நான் ஒரு வருடம் செதுக்கிய சிலைகளுக்கு நடுவே, திரை முழுக்கக் கத்திரிப்பூ நிறம்.

பின்னுரை

இந்த விளையாட்டில் தன் உலகத்தின் வரலாற்றைத் தானே எழுதிவைத்துக்கொள்ளும் ஒரு பகுதி உண்டு. திறந்து பார்த்தேன். பரிமளகிரி நிறுவப்பட்டது, முற்றுகையிடப்பட்டது, வீழ்ந்தது. இன்னார் இன்னாரைக் கொன்றார். குப்பைமேடு இல்லை, பூனை இல்லை, ராஜபாட்டை இல்லை. சாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இயந்திரம் எழுதினாலும் வரலாறு பத்தாம் வகுப்புப் புத்தகம் மாதிரிதான் வருகிறது.

பாழடைந்த கோட்டையை மீட்கப் புதிதாக ஆளனுப்பலாம். அனுப்பினேன். மறுபடி ஏழு பேர், மறுபடி சாராயப் பீப்பாய். இந்தமுறை உஷாராக இருந்தேன். தூண் கிடையாது, சிலை கிடையாது. முதலில் சவப்பெட்டிகள், அடுத்து கதவுகள், அதற்கடுத்து கறிக்கடையை வாசலுக்கு வெளியே மாற்றுவது என்று வரிசையாக உத்தரவு எழுதினேன்.

ஆறு பேர் வேலைக்குப் போனார்கள். ஏழாமவனைக் காணோம். தேடிப்பிடித்தபோது உள்வாசலில், ஓர் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். எலும்புக்கூடு உரிஸ்ட்டினுடையது. புதியவன் தரையிலிருந்து எதையோ எடுத்து, அப்போதே தன் பேரில் எழுதிக்கொண்டான்.

அந்த ஒற்றைச் சாக்ஸ். இருபக்கமும் ஒரே ஒரு சின்ன 'எக்ஸ்'. இன்னும் நிறைய நாள் வரும்.